வங்கப் பஞ்சமும் வரைந்த கைகளும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இத்தகைய விழாக்களில் கல்வி, வேலைவாய்ப்பு, ஒற்றுமை ஆகிய மூன்றையும் பற்றியே பெரும்பாலும் பேசுவது வழக்கம். அவை மூன்றும் நமக்கு இன்றியமையாதவை. ஆயினும் இன்று நாம் கலையைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். "பசித்தவனுக்குச் சோறுதானே வேண்டும், படம் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அதற்கு விடை தேடி 1943-ஆம் ஆண்டு வங்காளத்திற்குச் செல்வோம். அங்கே பசித்தவர்களுக்குச் சோறு கிடைக்கவில்லை. அவர்கள் பசித்து இறந்தார்கள் என்ற உண்மையையும் ஆட்சியாளர்கள் மறைக்க முயன்றார்கள். அந்த உண்மையைக் காப்பாற்றித் தந்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர்கள் ஓவியர்கள்.

பஞ்சம் வந்த விதம்

பஞ்சம் என்றவுடன் மழை பொய்த்தது, வயல் காய்ந்தது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். வங்கப் பஞ்சம் அவ்வாறு வந்ததன்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூனைக் கைப்பற்றியது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அடுத்து ஜப்பானியர் வங்கக் கரையில் இறங்கக்கூடும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, பகைவனுக்கு எதுவும் கிட்டக் கூடாது என்று ஒரு திட்டம் வகுத்தது. கடலோர மாவட்டங்களில் இருந்த நெல்லும் அரிசியும் அகற்றப்பட்டன. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன, பல உடைக்கப்பட்டன. ஆறுகளே சாலைகளாக உள்ள நாட்டில் படகைப் பறித்தால் மீனவன் எங்ஙனம் மீன் பிடிப்பான்? உழவன் எங்ஙனம் சந்தைக்குச் செல்வான்? ஜப்பானியப் படை வரவில்லை, பட்டினி வந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் மேதினிபூர்ப் பகுதியைப் பெரும் புயலும் கடல் அலையும் தாக்கின. போர்ச் செலவுக்காகப் பணம் பெருகியது, பதுக்கல் பெருகியது, விலை ஏறியது. 1942 டிசம்பரில் ஏறத்தாழ 14 ரூபாய்க்கு விற்ற ஒரு மணங்கு அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாயாக உயர்ந்தது. கூலி அவ்வாறு உயரவில்லை. போருக்குத் தேவையான ஆலைத் தொழிலாளரும் அரசு ஊழியரும் 'முன்னுரிமை வகுப்பினர்' என்று பிரிக்கப்பட்டனர். கல்கத்தாவில் அவர்களுக்கு அரிசி ஏற்பாடு செய்யப்பட்டது. கிராமத்துக் கூலிக்காரன் எந்த முன்னுரிமைப் பட்டியலிலும் இல்லை. உணவுக் கப்பல் அனுப்புமாறு இந்தியாவிலிருந்து சென்ற வேண்டுகோள்களை இலண்டன் போர் அமைச்சரவை பெரும்பாலும் தட்டிக் கழித்தது. பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தால் அரசுக்குச் சில கடமைகள் ஏற்படும். அதனால் கடைசிவரை பஞ்சம் என்ற அறிவிப்பே வெளியாகவில்லை.

நம் நாட்டுப் பொருளியல் அறிஞர் அமார்த்தியா சென், ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது இப்பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். 1981-இல் வெளியிட்ட தம் நூலில் அவர் ஓர் அரிய உண்மையை நிறுவினார். 1943-இல் வங்காளத்தில் இருந்த உணவு, பஞ்சம் இல்லாத 1941-ஆம் ஆண்டில் இருந்ததைவிடக் குறைவன்று. உணவு இருந்தது; அதை வாங்கும் வலிமைதான் ஏழைகளுக்கு இல்லாமற் போயிற்று. அவர் காட்டும் பட்டியலில் மிகுதியாக அழிந்தவர்கள் யார்? நிலமற்ற விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள், நெல் குற்றி வயிறு வளர்த்த பெண்கள், சிறு கைவினைஞர்கள். கல்கத்தாத் தெருக்களில் வந்து விழுந்தவர்களைக் கல்கத்தாப் பல்கலைக்கழக மானிடவியல் துறையினர் அப்போதே விசாரித்து எழுதினர். அவர்களுள் பெரும் பகுதியினர் பட்டியல் சாதியினர். ஏழை இசுலாமியர் எண்ணிக்கையும் மிகுதி. இளைஞர்களே, மொழி வேறு, மாநிலம் வேறு. ஆனால் அந்தத் தெருவில் கிடந்தவர்கள் யாரென்று நமக்கு விளங்கவில்லையா?

இறந்தவர் எத்தனை பேர்? அரசு அமைத்த விசாரணைக் குழு 1945-இல் 15 இலட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர்களுள் சிலர் 30 இலட்சம் என்றனர். இவ்விரு கணக்குக்கும் இடையே உள்ள வேறுபாடே 15 இலட்சம் உயிர்கள்! ஒரு செல்வர் வீட்டில் ஒரு பொன் மோதிரம் காணாமற் போனால் கணக்குத் தவறுவதில்லை. ஏழைகள் இலட்சக்கணக்கில் இறந்தால் கணக்கு இவ்வளவு தவறுகிறது. ஏட்டில் இடம் பெறாமலே வாழ்ந்தவர்கள், ஏட்டில் இடம் பெறாமலே இறந்தார்கள். இந்த இடத்தில்தான் கலைஞனுக்கு வேலை இருக்கிறது.

பெயர் எழுதிய ஓவியர்

சித்தபிரசாத் என்ற ஓவியரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1915-இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் சித்தபிரசாத் பட்டாச்சார்யா. பட்டாச்சார்யா என்பது அந்தணர் குலப் பெயர். சாதி முறையை மறுத்த அவர் அக்குலப் பெயரை உதறிவிட்டு, வாழ்நாள் முழுவதும் சித்தபிரசாத் என்றே வழங்கினார். பிறப்பால் வந்த பெருமையைத் தாமே விட்டவருக்குத்தான் பிறப்பால் இழிவு சுமத்தப்பட்டவரின் முகம் தெளிவாகத் தெரியும் போலும்.

1943 நவம்பரில் அவர் ஓவியக் குறிப்பேட்டுடன் மேதினிபூர் மாவட்டத்துக் கிராமங்களில் அலைந்தார். கண்டதைக் கறுப்பு மையால் வரைந்தார், கேட்டதை எழுதினார். அவர் செய்த ஒரு செயலை ஊன்றிக் கவனியுங்கள். தாம் வரைந்தவர்களின் பெயரையும் ஊரையும் விசாரித்து, பல படங்களின் கீழே குறித்து வைத்தார். அந்தப் படம் வெறும் எலும்புக்கூட்டின் படமன்று. இன்ன ஊரில் இன்ன தொழில் செய்த இன்னாரின் படம். அரசாங்கம் எண்ணிக்கை கூடச் சரியாக வைத்துக்கொள்ளாத மனிதர்களுக்கு ஓர் ஓவியர் பெயர்ப் பதிவேடு வைத்தார்.

இதன் அருமை விளங்க வேண்டுமானால் நம் மாகாணத்தில் நடந்த ஒன்றை எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்போது ஹூப்பர் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, பசியால் உருக்குலைந்தவர்களைக் கூட்டமாக உட்கார வைத்தும் நிற்க வைத்தும் புகைப்படம் எடுத்தார். அப்படங்கள் இன்றும் உள்ளன. எலும்பும் தோலுமாய் நம் மூதாதையர் அவற்றில் நம்மைப் பார்க்கின்றனர். ஆனால் அவர்கள் யார், எவ்வூரார், பெற்ற மக்கள் எத்தனை பேர் என்பது ஒன்றும் இல்லை. பஞ்சத்துக்கு அப்படங்கள் சான்றுதான், மறுக்கவில்லை. எனினும் காட்சிப் பொருளாக நிறுத்தி எடுத்த படத்துக்கும், அருகே குந்தியிருந்து பெயர் கேட்டு வரைந்த படத்துக்கும் உள்ள தூரம், ஆள்பவனுக்கும் உடன்பிறந்தவனுக்கும் உள்ள தூரம்.

சித்தபிரசாத்தின் படங்களும் குறிப்புகளும் அவ்வாண்டே 'பசித்த வங்காளம்' என்னும் பொருள்படும் தலைப்பில் சிறு நூலாக அச்சாயின. அச்சிட்டவை 5,000 படிகள். ஆங்கில அரசு அவற்றைக் கைப்பற்றித் தீயிட்டது. வெடிகுண்டுக்கு அஞ்சாத வல்லரசு ஒரு மெல்லிய நூலுக்கு ஏன் அஞ்சியது? பஞ்சம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால், பெயரும் ஊருமாகச் சாட்சிகள் வந்து நின்றன, அதனால் அஞ்சியது. எனினும் ஒரு படி அக்குடும்பத்தாரால் வங்கிப் பெட்டகத்தில் காக்கப்பட்டது. அதனைக் கொண்டு 2011-இல் அந்நூல் உள்ளபடியே மறுபதிப்பாயிற்று. எரித்தவர்களின் ஆட்சி 1947-இல் முடிந்தது. எரிக்கப்பட்ட நூல் மீண்டும் வந்துவிட்டது.

கரியும் பழுப்புத் தாளும்

இரண்டாமவர் ஜைனுல் ஆபிதீன். 1914-இல் கிழக்கு வங்காளத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியரானவர். போர்க்காலத்தில் நல்ல தாளும் வண்ணமும் கிடைப்பது அரிது, விலையும் மிகுதி. அதற்காக அவர் கைகட்டி இருக்கவில்லை. கரியை எரித்து மை செய்தார். பொட்டலம் கட்டும் மலிவான தாளில் வரைந்தார். பள்ளிக்குச் செல்லும் வழியில், நடைபாதையில் கிடந்த தாயையும் அவள்மேல் கிடந்த குழந்தையையும், எச்சிற் சோற்றுக்கு நாயோடும் காக்கையோடும் போட்டியிட்ட மனிதரையும் அகன்ற தூரிகைக் கோடுகளால் தீட்டினார். அலங்காரம் ஒன்றும் இல்லை. தேவையான கோடு மட்டுமே இருக்கும்; சில இடங்களில் மை வற்றிய தூரிகையின் கீறலே காய்ந்த தோலாகத் தோன்றும்.

கருவி இல்லை, வசதி இல்லை என்று சோர்ந்திருக்கும் மாணவர்களுக்கு நாம் அடிக்கடி சொல்லும் பெயர் இது. கையில் கிடைத்த கரியே அவருக்கு ஒரு நாட்டின் சாட்சியத்தை எழுதப் போதுமானதாக இருந்தது. பின்னர் 1948-இல் டாக்காவில் ஓவியக் கல்வி நிலையம் நிறுவியவரும் இவரே. வங்கதேச மக்கள் அவரை 'சில்பாசாரியர்' என்று போற்றுகின்றனர்.

மூன்றாமவர் சோம்நாத் ஹோர். 1921-இல் சிட்டகாங் மாவட்டத்தில் பிறந்தவர். 1942-இல் ஜப்பானிய விமானங்கள் தம் பகுதியில் ஒரு கிராமத்தின்மீது குண்டு பொழிந்ததை நேரில் கண்டார். மறு ஆண்டில் பஞ்சத்தைக் கண்டார். சித்தபிரசாத் அவருக்கு வழிகாட்டினார். அக்காட்சிகள் ஹோரின் உள்ளத்தை விட்டு ஒருநாளும் அகலவில்லை. 1970-களில் 'காயங்கள்' என்ற வரிசையை அவர் படைத்தார். அதற்கு அவர் மை கூடப் பயன்படுத்தவில்லை. களிமண்ணிலும் மெழுகிலும் கத்தியால் கீறி, சுட்டு, குத்தி, அதன் அச்சில் காகிதக் கூழை இட்டு எடுத்தார். வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே ஒரு புண், ஒரு தழும்பு. 2006-இல் மறையும்வரை அவர் வார்த்த வெண்கல உருவங்களிலும் அந்தப் பசித்த உடலே வந்தது. புண் ஆறினாலும் தழும்பு பேசும் என்பதைத் தொழில் முறையாகவே செய்து காட்டியவர் அவர்.

ஓவியர்கள் மட்டுமல்லர். பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' என்ற நாடகம், இந்திய மக்கள் நாடக மன்றத்தால் 1944-இல் அரங்கேறியது. புதுநெல் அறுத்துப் படைக்கும் திருநாளின் பெயர் அது. நகரத்துக்கு வந்து சிதறிய ஓர் உழவர் குடும்பத்தின் கதை. அந்நாட்களில் கல்கத்தாத் தெருக்களில் ஏழைகள் வீட்டு வாயில்தோறும் நின்று சோறு கேட்கவில்லை. சோறு வடித்த கஞ்சியைத்தான் கேட்டார்கள். சோறு கேட்டால் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டுக் கதவடைத்தவர்களே அரங்கில் அதைக் கேட்டுக் கண்ணீர் வடித்தனர். மன்றத்தின் கலை நிகழ்ச்சிகளில் பஞ்ச நிவாரணத்துக்குப் பணமும் திரட்டப்பட்டது. 'பசித்தவனுக்குப் படம் எதற்கு' என்ற கேள்விக்கு இது ஒரு நேர் விடை. 1973-இல் சத்யஜித் ராய் இப்பஞ்சத்தைத் திரைப்படமாக்கினார். முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் கலை அந்தக் கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

இரக்கம் மட்டும் போதுமா?

இங்கே ஒரு கவலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்டவனை எப்போதும் எலும்புக்கூடாகவும் ஏந்திய கையாகவும் மட்டுமே காட்டும் கலை, அவனுக்கு இன்னொரு விலங்காகிவிடக்கூடும். பார்ப்பவன் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு செல்வான். இரக்கம் காட்டுபவன் மேலே, இரக்கம் பெறுபவன் கீழே என்ற ஏற்பாடு அப்படியே இருக்கும். நமக்கு வேண்டியது அதுவன்று.

அந்த ஓவியர்கள் இதனை உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று உண்டு. 1946 இறுதியில் வங்காளத்தில் குத்தகை உழவர்கள், விளைச்சலில் மூன்றில் இரு பங்கு எமக்கே என்று கேட்டு எழுந்தனர். தேபாகா இயக்கம் என்பது அதன் பெயர். ரங்பூர் மாவட்டத்துக்குச் சென்ற சோம்நாத் ஹோர், அம்மக்களோடு தங்கி, படமும் நாட்குறிப்புமாகப் பதிவு செய்தார். அதில் அரிவாளோடு கதிர் அறுப்பவர்கள் இருக்கின்றனர்; இரவுக் கூட்டத்தில் விளக்கைச் சுற்றி அமர்ந்து விவாதிப்பவர்கள் இருக்கின்றனர். மூன்று ஆண்டுக்கு முன் பட்டினியால் விழுந்த இனம் நிமிர்ந்து நிற்கும் காட்சி அது. சித்தபிரசாத்தும் பிற்காலத்தில் உழைக்கும் சிறுவர்களை லினோ அச்சுப் படங்களாகச் செதுக்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டமும் நடத்தினார். விழுந்ததை வரைந்த கை எழுந்ததையும் வரைந்தது. நினைவு என்பது அழுவதற்கு மட்டும் அன்று. மீண்டும் அவ்வாறு நேராமல் காக்கும் உறுதிக்காகவும்தான்.

நம் கணக்கில் எழுதாதவை

அதே போரில், அதே ஆண்டுகளில், நம் மக்களுக்கு நேர்ந்த ஒரு கொடுமையையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். போர்க் கைதிகளோடு, ஆசியத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் காட்டுக்குள் கொண்டு செல்லப்பட்டனர். மலேயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் அவர்களுள் மிகப் பலர். அத்தோட்டங்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் கணிசமானோர் நம் சேரிகளிலிருந்து சென்றவர்கள். வெள்ளையரின் இரப்பர் மரத்தடியிலிருந்து ஜப்பானியரின் தண்டவாளத்துக்கு. எசமானன் மாறினான், சுமை மாறவில்லை.

அப்பாதையில் இறந்த போர்க் கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். இறந்த ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. கைதிகளுள் ரொனால்டு சியர்ல் போன்ற ஓவியர்கள் இருந்தனர். உயிருக்கு அஞ்சாமல் ஒளித்து ஒளித்து வரைந்தனர். சியர்லின் படங்கள் இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தமிழ்க் கூலிகள் கையில் மண்வெட்டி இருந்தது. தாளும் பென்சிலும் இல்லை. பெரும்பாலோர்க்கு எழுதவும் தெரியாது. எழுதவிடாமல் வைத்திருந்தது நம் சமூகம். பல ஆண்டுகள் கழித்து மலேசியத் தமிழ் எழுத்தாளர் அ. ரெங்கசாமி போன்றோர் உயிர் தப்பியவர்களின் சொற்களைக் கேட்டுப் புதினமாக எழுதினர். அதுவரை அந்நினைவு பாட்டிமார் நெஞ்சில் மட்டுமே இருந்தது.

மாணவர்களே, கல்விக் கழகம் எதற்கு என்பதற்கு இதைவிட வலிய காரணம் நமக்குத் தோன்றவில்லை. கல்வி என்பது உத்தியோகம் பெறுவதற்கு வேண்டும், ஐயமில்லை. அதனினும் மேலாக, நமக்கு நேர்ந்ததை நாமே எழுதி வைப்பதற்கு வேண்டும். நம் கதையைப் பிறர் எழுதினால், ஹூப்பர் எடுத்த படம்போல் பெயரில்லாமல் போய்விடலாம். சித்தபிரசாத் போன்ற நல்லோர் எல்லாக் காலத்திலும் எல்லா ஊர்க்கும் வருவார்கள் என்று காத்திருக்க முடியாது.

கலை நமக்குப் புதியதும் அன்று. இறந்தவரின் பெயரும் பண்பும் சொல்லி, அவர் பட்ட பாட்டையும் செய்த நன்மையையும் அடுக்கி நம் தாய்மார்கள் பாடும் ஒப்பாரி, நினைவுக் கலை அல்லாமல் வேறென்ன? தாது வருஷப் பஞ்சத்தை நாட்டுப்புற மக்கள் கும்மிப் பாடலாகப் பாடி வைத்தார்கள். நம் பறை, சாவுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கப்பட்ட கருவி. அது ஊரைக் கூட்டி உண்மையை அறிவித்த கருவியும் ஆகும். இவற்றை இழிவென்று கருதி ஒதுக்காமல், கற்ற அறிவோடு மீண்டும் கையில் எடுக்க வேண்டும்.

ஆகவே வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நம் ஊர்களிலிருந்து பர்மா, மலேயா, இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற குடும்பங்களின் பெயர், ஊர், ஆண்டு, திரும்பியோர், திரும்பாதோர் ஆகிய விவரங்களை மூத்தோரிடமும் அவர்தம் மக்களிடமும் கேட்டு ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அவர்களிடமுள்ள பழைய கடிதங்களையும் படங்களையும் நகல் எடுத்துப் பாதுகாக்க வேண்டும். இரண்டாவது, நம் மாலை வகுப்புகளில் வாரம் ஒரு மணி நேரமேனும் ஓவியத்துக்கும் பாட்டுக்கும் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, ஆண்டுதோறும் விழா நாளில், அப்பதிவேட்டிலிருந்து சில பெயர்களை மேடையில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் இல்லை. ஜைனுல் ஆபிதீனுக்குக் கரியும் பழுப்புத் தாளும் போதுமானவையாக இருந்தன. நமக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பொன் விழாக் கொண்டாடும் பிள்ளைகள், நம் முன்னோர் எண்ணிக்கையாக மட்டும் இருந்தார்கள் என்று சொல்லக் கூடாது. அவர்கள் கையில் பெயர்கள் இருக்க வேண்டும். முகங்கள் இருக்க வேண்டும். அந்தப் பணியை இவ்விழாவிலேயே தொடங்குமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொண்டு அமைகிறோம்.